எல்லை கடவாமல் ஒரு வார இறுதி: குளிர்கால மொன்றியலுக்குக் குடும்பமாய்ச் செல்வோர்க்கு

மார்கழி பிறந்ததும் எம்மவர் வீடுகளின் கதவுகள் சாத்திக்கொள்கின்றன. பங்குனி முடியும்வரை அவை வேலைக்கும் பாடசாலைக்கும் கடைக்கும் மட்டுமே திறக்கின்றன. தாயகத்தில் முற்றத்திலேயே பாதி நாளைக் கழித்துப் பழகிய முதியோர், பன்னிரண்டாம் மாடியின் யன்னலோரத்தில் அமர்ந்து பனி விழுவதைப் பார்த்திருக்கின்றனர். பிள்ளைகளோ, விடுமுறை முடிந்து பாடசாலைக்குத் திரும்பும் நாளில், "எங்கே போனாய்?" என்று கேட்கும் தோழர்களுக்கு மறுமொழி தேடுகின்றனர்.

ஒரு வார இறுதியிலாவது குடும்பமாக எங்கேனும் போய்வரலாம் என்ற பேச்சு எழாத வீடில்லை. எழுந்த வேகத்திலேயே அது அடங்கிவிடுவதும் உண்டு. இரண்டு நாட் சம்பளம் போய்விடும் என்பது ஒரு காரணம். குளிர் மற்றொரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, "வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்ற ஒரு சொல் இருக்கிறது. அகதிக் கோரிக்கை விசாரணைக்கு வரும்வரை, வந்த பின் தீர்ப்புக் கிடைக்கும்வரை, அதன் பின் வதிவிட உரிமை கைக்கு வரும்வரை என்று அந்தப் 'பிறகு' தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அதற்குள் எட்டு வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதாகிவிடுகிறது. காத்திருக்கும் ஆண்டுகளும் வாழ்வின் ஆண்டுகளே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆகவே ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் வாசகர்களுக்காக, கையிலுள்ள பத்திரம் எதுவாயினும் பெரும்பாலும் எல்லோரும் கூடிச் செல்லக்கூடிய ஒரு குளிர்கால வார இறுதிக்கான திட்டத்தை இங்கு தருகிறோம். செல்லும் நகரம் மொன்றியல்.

ஏன் மொன்றியல்?

எம்மவர் குடும்பங்களில் ஒரே கூரையின்கீழ் பலவகைப் பத்திரங்கள் இருப்பது வழமை. அண்ணன் கனடியக் குடியுரிமை பெற்றவர். அண்ணி நிரந்தர வதிவிட உரிமை உடையவர். அம்மா நீண்டகாலப் பார்வையாளர் விசாவில் வந்திருப்பவர். அண்மையில் வந்த தம்பியோ கோரிக்கையாளர் பத்திரத்துடன் விசாரணைக்குக் காத்திருப்பவர். இத்தகைய குடும்பம் நியூயோர்க் போவதெனத் தீர்மானித்தால் என்னவாகும்? இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர், கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்றிருந்தாலும், அமெரிக்காவுக்கு விசா பெறவேண்டும். கோரிக்கையாளருக்கோ அந்தப் பயணம் அறவே ஆகாது. ஈற்றில் அண்ணனும் கனடாவிற் பிறந்த பிள்ளைகளும் செல்ல, ஏனையோர் வீட்டைக் காத்திருப்பர். உறவுக்குள் ஏற்கெனவே ஓடும் மெல்லிய கோடு அன்று தடித்த கோடாகிவிடும்.

எனவே நாம் கூறும் முதல் விதி இதுதான்: வீட்டில் மிக நலிந்த பத்திரம் எவரிடம் உள்ளதோ, அவரையே அளவுகோலாகக் கொண்டு ஊரைத் தெரிவு செய்க. அவர் வரக்கூடிய இடத்துக்கு எல்லோரும் வரலாம்.

மொன்றியல் இந்த அளவுகோலுக்குப் பொருந்துகிறது. ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 540 கிலோமீற்றர் தொலைவு. நாட்டின் எல்லையைக் கடக்கவேண்டியதில்லை. ஆயினும் ஒன்ராறியோவைத் தாண்டிக் கியூபெக்கினுள் நுழைந்ததும் வீதிப் பலகைகள் பிரெஞ்சு மொழிக்கு மாறுகின்றன. நிறுத்தற் பலகையில் 'ஆறே' என்று எழுதியிருப்பதைக் கண்ட பிள்ளைகளுக்கு வெளிநாடு வந்துவிட்ட மகிழ்ச்சி உண்டாகும்.

இந்நகருக்கும் எமக்கும் பழைய தொடர்பும் உண்டு. 1980களில் கனடா வந்த எம்மவர் பலர் முதலில் கால் பதித்தது மொன்றியலிலேயே. 1986 ஓகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டமை உலகறிந்த செய்தி. அவர்களும் பின்னர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்குமே சென்று சேர்ந்தனர். இன்று ரொறன்ரோவில் வாழும் மூத்தோர் சிலருக்கு இப்பயணம், முதன்முதலாகக் குளிரங்கி அணிந்த ஊருக்குத் திரும்பிச் செல்லும் பயணமாகவும் அமையும்.

பத்திரங்களும் எச்சரிக்கையும்

அகதிக் கோரிக்கையாளர் கனடாவுக்குள் மாகாணம் விட்டு மாகாணம் சென்று வருவதற்குப் பொதுவான தடை இல்லை. ஆயினும் குறித்த நாளில் அதிகாரிகள் முன் தோன்றவேண்டும், குறித்த முகவரியிலேயே தங்கவேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளுடன் விடுவிக்கப்பட்டவர்கள், தமது தாளை ஒருமுறை வாசித்து, ஐயமிருப்பின் சட்டத்தரணியிடம் கேட்ட பின்னரே புறப்பட வேண்டும். விசாரணைத் திகதிக்கு முந்திய வார இறுதியில் ஒருபோதும் பயணம் வைக்கலாகாது. பனிப்புயல் ஒன்று வீதியை மூடிவிட்டால், தவறிய விசாரணையை மீட்பது எளிதன்று.

புகைப்படம் ஒட்டிய கோரிக்கையாளர் பத்திரத்தின் மூலத்தை உடன் எடுத்துச் செல்க. அதன் பிரதியொன்றை வீட்டில் வைத்துச் செல்க. கடவுச்சீட்டு அதிகாரிகளிடம் இருப்பவர்க்கு விடுதியில் அறை எடுக்கையில் காட்டத்தக்க அடையாளம் அதுவே.

மருத்துவ அட்டைகளையும் மறவாதீர்கள். ஒன்ராறியோ சுகாதார அட்டையைக் கியூபெக் மருத்துவர் பலர் நேரடியாக ஏற்பதில்லை. பணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பெற்று, பின்னர் ஒன்ராறியோவிடம் கோரவேண்டி வரலாம். கோரிக்கையாளர்களுக்கான இடைக்காலக் கூட்டாட்சி மருத்துவத் திட்டம் நாடெங்கும் செல்லுபடியாகும் எனினும், அத்திட்டத்திற் பதிவு செய்த மருத்துவரிடமே செல்லவேண்டும். நாளாந்தம் மருந்து உட்கொள்ளும் முதியோருக்கு இரண்டு நாள் மேலதிகமாகவே மருந்து எடுத்து வைக்க.

இனி, மிக முக்கியமான எச்சரிக்கை. மொன்றியல் நகரிலிருந்து அமெரிக்க எல்லை ஒருமணி நேரத்துக்கும் குறைந்த ஓட்டமே. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பிளாட்ஸ்பேர்க் கடைகளையும் பார்த்துவிடுவோம்" என்று யாராவது ஆசை காட்டக்கூடும். கோரிக்கையாளர் ஒருவர் கனடாவை விட்டு வெளியேறினால், அவரது கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். திரும்பி உள்ளே வருவதும் நிச்சயமில்லை. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 2004 முதல் நடைமுறையிலுள்ள பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தம், 2023 மார்ச் 25 முதல் நில எல்லை முழுவதற்கும் விரிவாக்கப்பட்டுவிட்டது. ஆகவே சம்ப்ளேன் பாலத்தைக் கடந்து தெற்கே செல்லும் 15ஆம் இலக்க நெடுஞ்சாலை எல்லையை நோக்கியே போகிறது என்பதை வாகனம் ஓட்டுபவர் மனத்திற் பதித்துக்கொள்க.

நாளும் பணமும்

ஒன்ராறியோவில் மாசி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை குடும்ப தினம். 2008 முதல் இது பொது விடுமுறை. கியூபெக்கில் அது விடுமுறையன்று. கடைகளும் அலுவலகங்களும் வழமைபோல் இயங்கும். எமக்கு மூன்று நாள் ஓய்வும் அங்கு ஓடிக்கொண்டிருக்கும் நகரமும் ஒருங்கே கிடைப்பதால், இத்திட்டத்தை அந்த வார இறுதிக்கே வகுத்துள்ளோம். இரண்டு நாள் மட்டுமே உள்ளோர், வெள்ளி மாலைப் புகையிரதத்திற் சென்று ஞாயிறு மாலை திரும்பலாம். ரொறன்ரோ யூனியன் நிலையத்திலிருந்து மொன்றியல் மத்திய நிலையம்வரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். புகையிரதச் சீட்டை வாரங்களுக்கு முன்பே வாங்கினால் விலை குறையும்.

கோடையில் மொன்றியல் விடுதிகளின் வாடகை உச்சத்திலிருக்கும். தை, மாசி மாதங்களிற் பொதுவாகக் குறைவு. ஆயினும் விளம்பரத்தில் காணும் விலையை முழுவிலை என நம்பிவிடாதீர்கள். 3.5 வீதத் தங்குமிட வரி, 5 வீதக் கூட்டாட்சி விற்பனை வரி, 9.975 வீத மாகாண விற்பனை வரி ஆகிய மூன்றும் சேர, நூறு டொலர் அறை ஏறத்தாழ 119 டொலராகும். வாகனத் தரிப்பிடக் கட்டணம் இதற்குப் புறம்பானது. கடனட்டை இல்லாதவர்கள், காசை வைப்பாக ஏற்பார்களா என்பதை முன்பதிவுக்கு முன்னரே விடுதியாரிடம் தொலைபேசியிற் கேட்டறிக. நால்வருக்கான அறையில் எண்மரை ஒளித்து வைக்க முயன்று, நள்ளிரவிற் குழந்தைகளோடு வெளியே நிற்கும் அவமானம் எமக்கு வேண்டாம்.

நகருக்குள் வாகனம் தேவையில்லை. வெள்ளி மாலை 4 மணி முதல் திங்கள் அதிகாலை 5 மணி வரை எத்தனை முறையும் பயணிக்கத்தக்க வார இறுதிச் சீட்டு ஒன்று உண்டு. 11 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு மெற்றோவும் பேருந்தும் 2021 முதல் இலவசம்.

வழியும் வாகனமும்

சனிக்கிழமை அதிகாலை ஆறு மணிக்குப் புறப்படுதல் நன்று. 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் 260 கிலோமீற்றர் சென்றால் கிங்ஸ்ரன். அதுவே பாதி வழி. கட்டிச் சென்ற புட்டையும் சம்பலையும் அங்கு பிரித்துக்கொள்ளலாம். மாகாண எல்லையில் 401 முடிந்து, கியூபெக்கின் 20ஆம் இலக்க நெடுஞ்சாலையாகத் தொடர்கிறது. புறப்படுமுன் இரு மாகாணங்களின் 511 வீதி அறிவித்தல்களையும் பார்த்துக்கொள்க.

கியூபெக்கில் பதியப்பட்ட வாகனங்களுக்கு டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர்கள் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோ இலக்கத்தகடு உடையோரை அச்சட்டம் கட்டுப்படுத்தாது; எனினும் பனிக்குச் சட்டம் தெரியாது. அந்த ரயர்கள் இல்லாத வாகனத்தில் இவ்வழி செல்வதைவிடப் புகையிரதமே மேல்.

இன்னும் இரண்டு செய்திகள். முதலாவது, மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்புறம் திரும்புதல் தடை. ரொறன்ரோப் பழக்கத்தில் திரும்பினால் தண்டம் நிச்சயம். இரண்டாவது, பனி அள்ளும் நாட்களில் வீதியோரம் செம்மஞ்சள் நிற அறிவித்தல் நாட்டப்படும்; இழுவை வண்டிகள் ஊதொலி எழுப்பியவாறு வரும். அவ்வொலி கேட்டால், போட்ட இடத்திலிருந்து வாகனத்தை உடனே எடுத்துவிட வேண்டும்.

உடையைப் பொறுத்தவரை ரொறன்ரோக் குளிரை வைத்து மொன்றியற் குளிரை மதிப்பிடலாகாது. தை மாதத்து இரவுகளில் வெப்பநிலை சராசரியாக −14 பாகைக்கு இறங்கும். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீற்றர் பனி பொழியும். காற்றோடு சேர்ந்த குளிர் −28 பாகைக்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். தடித்த ஒரே உடையிலும் மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். விரல்கள் தனித்தனியாயுள்ள கையுறையிலும், விரல்கள் ஒன்றாயிருக்கும் கையுறை குழந்தைகளுக்குச் சூடு தரும். சேலை அணியும் அம்மாமார் உள்ளே கம்பளிக் காற்சட்டையும், காலில் நீர் புகாச் சப்பாத்தும் அணிந்துகொண்டால் தயக்கமின்றி நடக்கலாம்.

சனி மாலை: ஒளியும் பழைய நகரமும்

நண்பகலுக்குப் பின் விடுதியிற் பொருட்களை வைத்துவிட்டு மெற்றோவில் ஏறுக. 1966 ஒக்ரோபரில் திறக்கப்பட்ட இந்த மெற்றோ முழுவதும் நிலத்தடியிலேயே ஓடுகிறது. இரயில்களுக்கு இரப்பர் சக்கரங்கள். மேலே புயல் வீசினாலும் கீழே அதன் சுவடு தெரியாது. ஷோம் டி மார்ஸ் நிலையத்தில் இறங்கினால், 1968இல் ஓவியர் மார்செல் பெரோன் அமைத்த வண்ணக் கண்ணாடிச் சுவரைக் காணலாம். மாசி மாத நடுவிற் சூரியன் மாலை ஐந்தேகாலளவில் மறைகிறது. அதற்கு முன் சென்றால், தரையெங்கும் நிறங்கள் சிந்திக் கிடக்கும்.

அங்கிருந்து நடைதூரத்தில் பழைய மொன்றியல். 1824இல் கட்டத் தொடங்கி 1829இல் திறக்கப்பட்ட நோத்ர டாம் பேராலயம் இங்குதான் உள்ளது. சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. வழிபாட்டுக்குச் செல்வோருக்கு இல்லை. இந்நகரத்தார் குளிருக்கு அஞ்சிப் பதுங்குபவர்கள் அல்லர். 1998 தை மாதத்தில் உறைமழை ஐந்து நாட்களுக்கு மேலாகப் பெய்து மின்கம்பங்களைச் சாய்த்தபோது, கியூபெக்கில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருளில் மூழ்கினர். அதே ஊர் 2000ஆம் ஆண்டு முதல் மாசியில் ஒளிவிழா எடுக்கத் தொடங்கியது. 2007இல் தொடங்கிய இக்லூ விழாவில் இளைஞர்கள் பனியில் நின்று இரவெல்லாம் ஆடுகின்றனர். விழாக்களின் நாட்கள் ஆண்டுக்காண்டு மாறுவதால், அறை பதியுமுன் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொள்க.

குளிர் தாங்காதவர்களுக்கு நிலத்தடி நகரம் இருக்கிறது. 1962இல் பிளாஸ் வில் மரி கட்டடத்தோடு தொடங்கிய இது, இன்று 30 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நடைவழிகளாகக் கடைகளையும் அலுவலகங்களையும் மெற்றோ நிலையங்களையும் இணைக்கிறது. முதியோர் குளிரங்கியைக் கழற்றிக் கையிலிட்டு ஆறுதலாக நடந்து திரியலாம்.

ஞாயிறு: குன்றும் கோயிலும் காடும்

காலையில் கோட் டே நெஜ் பகுதிக்குச் செல்க. 'பனிச்சரிவு' என்பதே அப்பெயரின் பொருள். எம்மவர் செறிந்து வாழும் பகுதிகளில் இதுவும் ஒன்று. விக்டோரியா வீதியிற் தமிழ்க் கடைகளைக் காணலாம். இங்கே உயர்ந்து நிற்பது புனித சூசையப்பர் திருத்தலம். 1904இல் சகோதரர் அந்திரே எழுப்பிய சிறு சிற்றாலயமே இன்று கனடாவின் மிகப் பெரிய ஆலயமாக வளர்ந்துள்ளது. வாயிற்காவலராகப் பணிபுரிந்த அந்த எளிய துறவிக்கு 2010இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. வாயிலிலிருந்து ஏறும் 283 படிகளுள் 99 மரப்படிகள் முழந்தாளிட்டு ஏறுவோருக்கென ஒதுக்கப்பட்டவை. எம்மவருட் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவர்களும் நேர்த்தி வைத்து இங்கு வருகின்றனர்.

அடுத்து, நகருக்குப் பெயர் தந்த மவுண்ட் றோயல் குன்று. உயரம் 233 மீற்றர். 1876இல் திறக்கப்பட்ட இப்பூங்காவை வடிவமைத்தவர் நியூயோர்க் மத்திய பூங்காவை அமைத்த ஒல்ம்ஸ்ரட். மொன் றுவயால் மெற்றோ நிலையத்திலிருந்து 11ஆம் இலக்கப் பேருந்து பீவர் ஏரிவரை செல்லும். பிள்ளைகள் பனிச்சறுக்கில் மகிழ்ந்திருக்க, மற்றோர் கொண்டியாரோங் காட்சித்தளத்திலிருந்து நகர் முழுவதையும் நோக்கலாம். 1701இல் பிரெஞ்சுக்காரர்களும் ஏறத்தாழ நாற்பது முதற்குடி இனத்தவரும் நீண்ட போரின் பின் இந்நகரில் சமாதானம் செய்துகொண்டனர். அதற்காக உழைத்து, அது கைகூடும் வேளையில் உயிர்நீத்த வெண்டாட் இனத் தலைவரின் பெயரே கொண்டியாரோங். போரிலிருந்து வந்த நாம் இப்பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தல் தகும்.

பிற்பகலில் வியோ மெற்றோ நிலையத்தருகேயுள்ள பயோடோம். 1976 ஒலிம்பிக் போட்டியின் சைக்கிளோட்ட அரங்கே 1992இல் உயிரினக் காட்சியகமாக மாற்றப்பட்டது. ஐந்து இயற்கைச் சூழல்கள் அதனுள் உண்டு. முதலாவது அயனமண்டல மழைக்காடு. கதவைத் திறந்ததும் ஈரவெப்பம் முகத்தில் அடிக்கும். பச்சை இலைகளின் மணம் எழும். பல மாதங்களாகப் பச்சையைக் காணாத அம்மாமார் அங்கிருந்து எளிதில் நகரமாட்டார்கள். அவசரப்படுத்தாதீர்கள். நுழைவுச் சீட்டை முன்பதிவு செய்தல் நன்று.

மாலையிற் சென் வியாத்தர் வீதியில் பேகல் வாங்கி உண்ணுங்கள். வடையைப்போல் நடுவில் துளையுள்ள இந்த ரொட்டியைத் தேன் கலந்த நீரில் அவித்து விறகடுப்பில் வாட்டுகின்றனர். அங்குள்ள புகழ்பெற்ற கடையை 1957இல் தொடங்கியவர், புகன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய போலந்து நாட்டு யூதரான மையர் லெவ்கோவிச். ஏதிலியாக வந்தவர் சுட்ட ரொட்டி இன்று இந்நகரின் அடையாளம்.

உறவினர் வீடு

மொன்றியலில் உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. வந்தும் வீட்டுக்கு வரவில்லை என்ற மனத்தாங்கலுக்கு இடம்கொடுத்தலும் தவறு. மூன்று நாளையும் அவர்களது வரவேற்பறைத் தொலைக்காட்சிமுன் கழித்துத் திரும்புவதும் தவறு. ஓர் இரவுணவை அவர்களோடு வைத்துக்கொள்வதாக முன்னரே சொல்லிவிடுக. முடிந்தால் அவர்களையும் குன்றுக்கு அழைத்துச் செல்க. அந்நகரிற் பல்லாண்டு வாழ்ந்தும் வேலைத்தலத்துக்கும் வீட்டுக்கும் இடையிலேயே காலத்தைக் கழித்த எம்மவர் அங்கும் உண்டு.

திங்கட்கிழமை திரும்பும் வழியில், நகரின் மேற்குப் புறமான டொலார்ட் டெஸ் ஓர்மோவில் முருகன் ஆலயம் இருக்கிறது. நடைதிறக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிந்து, தரிசித்துவிட்டு வீடு திரும்பலாம். இருட்டுமுன் கிங்ஸ்ரனைத் தாண்டிவிடும்படி புறப்படுக.

மூன்று நாளில் ஒருவரது வழக்கும் முடிந்துவிடப் போவதில்லை; கடனும் குறையப் போவதில்லை. ஆனால் 1642இல் இந்நகரை நிறுவ வந்தவர்களும் புதியவர்களே. அவர்களது முதற் குளிர்காலத்தில் ஆற்றுவெள்ளம் கோட்டை வாயில்வரை ஏறியது. வெள்ளம் வடிந்ததும், 1643 தை மாதத்தில், நேர்ந்துகொண்டபடி அவர்களின் தலைவர் மரச்சிலுவை ஒன்றைத் தோளிற் சுமந்து குன்றின்மேல் நாட்டினார். 1924இல் எழுப்பப்பட்ட சிலுவை இன்றும் இரவில் அங்கு ஒளிர்கிறது. முதற் குளிர்காலத்தைக் கடந்தவர்களின் நினைவு அது.

வழக்கு முடிந்த பின் போகவேண்டிய ஊர்கள் பல உண்டு, அவை இருக்கட்டும். முடியாதபோதும் எல்லோரும் ஒரே வாகனத்தில் ஏறிச் செல்லக்கூடிய ஊர் இது. இவ்வாண்டு குடும்ப தினத்துக்கான விடுப்பை இன்றே கேட்டு வையுங்கள்.